பள்ளி வரலாறு எழுத வேண்டுமா? சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு விழா மலர் போட இருக்கிறோம். பள்ளியின் வரலாற்றை எங்கிருந்து திரட்டுவது?

தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எந்த ஆண்டு யார் வந்தார், எப்போது மாறுதலாகிப் போனார் என்கிற பட்டியலை எல்லா மலர்களும் அச்சிடுகின்றன. அவரவர் வீட்டாரைத் தவிர யாரும் படிப்பதில்லை. நான் படித்த பள்ளியும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் மலர்க் குழுவில் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: பீரோவைத் திறக்கச் சொல்லி, சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

மாணவர் பெயர், பெற்றோர் பெயர், அவர்கள் தொழில், தாய்மொழி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று அதில் ஊரே உட்கார்ந்திருக்கும். ‘முன்பு படித்த பள்ளி’ என்ற கட்டத்தை மட்டும் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்து எழுதிப் பாருங்கள். எந்தெந்தக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் நடந்து வந்தார்கள், எந்த ஊரில் பள்ளி தரம் உயர்ந்ததும் அங்கிருந்து வரவு நின்றது என்பது தெரிந்துவிடும். தொழில் கட்டத்தில் பக்கம் பக்கமாக ‘விவசாயம்’, ‘கூலி’ என்றே போகும். ஓசூரில் சிப்காட் வந்த பிறகு ‘கம்பெனி’ தலைகாட்டும். பிறந்த தேதியை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வாத்தியார் வயது சரியாக வருகிற மாதிரி மே, ஜூனில் ஒரு தேதி போட்டிருப்பார். அதுவே கடைசி வரை கூட வரும். எங்கள் ஊரில் பாதிப் பேர் கோடையில் பிறந்தவர்கள்!

பழைய மாற்றுச் சான்றிதழ்களின் முத்திரைகளையும் பாருங்கள். 1965 அக்டோபர் வரை நாம் சேலம் மாவட்டம், பிறகு தருமபுரி, 2004 பிப்ரவரியிலிருந்து கிருஷ்ணகிரி. எனவே உங்கள் பள்ளிக் கோப்புகளும் மூன்று ஊர் அலுவலகங்களில் சிதறிக் கிடக்க வாய்ப்புண்டு. கிருஷ்ணகிரியில் கேட்டு இல்லை என்றதும் திரும்பிவிடாதீர்கள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது பல உயர்நிலைப் பள்ளிகள் பெயர்ப் பலகையை மாற்றின. உங்களுடையது உயர்நிலைப் பள்ளியாகவே நின்றுவிட்டது என்றால், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள், யார் போகாமல் நின்றார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

தாய்மொழிக் கட்டம் நம் மாவட்டத்துக்கே உரிய சொத்து. தமிழுக்குப் பக்கத்திலேயே தெலுங்கு, கன்னடம், உருது. ஓசூர், தளி பக்கம் தெலுங்கு, கன்னட வழி வகுப்புகளில் படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி வந்தது. அது பத்தாம் வகுப்பை எட்டியபோது அவர்கள் வீடுகளில் என்ன பேச்சு நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். தமிழில் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

இனி, மலர்க்குழுக்கள் தொடத் தயங்கும் கட்டம்: விலகிய காரணம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் நின்ற பெண்களுக்கு நேரே ‘தொடர்ந்து வரவில்லை’, ‘குடும்பச் சூழ்நிலை’ என்றிருக்கும். எங்கள் ஊரில் விசாரித்தபோது, பலருக்கு அது கல்யாணம் என்று அவர்களோடு படித்த பெண்களே சொன்னார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பெற்றோருடன் போனவர்களும் உண்டு. குழுவில் ஒருவர், விழா மலரில் இதெல்லாம் எதற்கு என்றார். அந்தப் பெண்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தானே? முதலிடம் வாங்கியவர் படத்துக்கு ஒரு பக்கம் தருகிறோம். இவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுக்கலாம். பிற்பாடு இலவச சைக்கிள் வந்தது, 2022இல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் வந்தது. இவற்றால் உங்கள் ஊரில் என்ன மாறியது என்பதையும் அதே பக்கத்தில் சொல்லுங்கள்.

வாய்மொழித் தகவலுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் தேடுவதற்கு முன் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாக்களைத் தேடுங்கள். 1984இல் சத்துணவு உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. எந்த மாதம் அரிசி அதிகம் வேகும், மாங்காய் அறுவடையின்போது எத்தனை தட்டு குறையும் என்று கணக்கோடு சொல்வார்கள். பள்ளிக்கு இடம் கொடுத்தவர், கிணறு வெட்டித் தந்தவர் பெயர்கள் கல்வெட்டில் இருக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ‘உபயம்’ எழுதியவரை நீங்கள் தேட வேண்டியதில்லை, அவரே வந்து கேட்பார்.

பதிவேட்டைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். சாதி, பிறந்த தேதி, விலகிய காரணம் எதையும் தனி ஆள் பெயரோடு அச்சிட வேண்டாம். ஜூன் மாதம் போகாதீர்கள். சேர்க்கை நேரத்தில் அந்தப் பதிவேடு மேசையை விட்டு நகராது, எழுத்தர் உங்களை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்.