போர்டு மீட்டிங்ல கையெழுத்து மட்டும்தான் போடறோம், நமக்கு அங்க பவர் ஏதாவது இருக்கா?

கேள்வியைச் சுருக்கமா சொல்லிடறேன். தெற்கத்தி மாவட்டம் ஒண்ணுல அரசு உதவி பெறும் தன்னாட்சி கல்லூரி (சிலபஸைத் தானே போட்டுக்கற கல்லூரி), அங்க புள்ளியியல் துறைல உதவிப் பேராசிரியரா சேர்ந்து மூணு வருஷம் ஆன ஒரு மேடம் எழுதியிருக்காங்க. செகண்ட் இயர் பி.எஸ்சி. பிராக்டிகல்ல இன்னமும் கால்குலேட்டரைத் தட்டி ரெக்கார்டு நோட்டுல கணக்கு எழுத வைக்கிறாங்களாம். அதை எடுத்துட்டு 'ஆர்'ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல பண்ற மாதிரி மாத்தணும்னு ஆசை. எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கிட்ட சொன்னா, "அகாடமிக் கவுன்சில்ல விட மாட்டாங்கம்மா"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாராம். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (துறைல சிலபஸ் தயார் பண்ற குழு) மீட்டிங்னா டீ, சமோசா, கையெழுத்து, அவ்வளவுதான். "எனக்கு அங்க பேச உரிமை இருக்கா, இல்ல சிண்டிகேட், செனட்னு மேல எங்கயாவது எழுதணுமா?"ன்னு கேட்டிருக்காங்க.

மேடம், மேல எங்கயும் எழுத வேணாம். உங்க வேலை முடியற இடம் அந்த சமோசா மீட்டிங்தான்.

முதல்ல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கோங்க, நீங்க அங்க விருந்தாளி கிடையாது. தன்னாட்சி கல்லூரிகளுக்கு யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட விதில போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல யார் யார்னு வரிசையா இருக்கு. எச்.ஓ.டி. தலைவர், அந்தப் பாடத்து ஆசிரியர்கள் எல்லாருமே உறுப்பினர்கள், அப்புறம் உங்க கல்லூரி இணைஞ்சிருக்கிற பல்கலைக்கு வெளில இருந்து ரெண்டு சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட், பிரின்சிபால் கொடுக்கற ஆறு பேர் பட்டியல்ல இருந்து துணைவேந்தர் நியமிக்கற ஒருத்தர், தொழில்துறைல இருந்து ஒருத்தர், பழைய மாணவர் ஒருத்தர். "எல்லாருமே"ங்கிறதை கவனிங்க, மூணு வருஷ சர்வீஸ்னாலும் முப்பது வருஷ சர்வீஸ்னாலும் அந்த மேஜைல உக்கார்ற உரிமை ஒண்ணுதான், சீனியாரிட்டி எல்லாம் ஸ்டாஃப் ரூம்ல நாம போட்டுக்கிற கோடு. சிலபஸ் தயார் பண்றது அந்த போர்டோட முதல் வேலை.

அகாடமிக் கவுன்சில் அதுக்கு மேல் படி. பிரின்சிபால் தலைவர், எல்லா எச்.ஓ.டி.யும் இருப்பாங்க, சுழற்சி முறைல நாலு ஆசிரியர்கள், வெளில இருந்து குறைஞ்சது நாலு நிபுணர்கள், பல்கலைக்கழகம் அனுப்பற மூணு பேர். போர்டு அனுப்பற சிலபஸை இவங்க அப்படியேவோ திருத்தியோ ஏத்துக்கலாம், ஒத்து வரலன்னா போர்டுக்கே திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கவும் செய்யலாம், ஆனா ஏன்னு காரணம் சொல்லணும்னு விதிலயே இருக்கு. அதனால "கவுன்சில்ல விட மாட்டாங்க"ன்னு சொன்னா, "சரி சார், காரணத்தோட திரும்பி வரட்டும், பாத்துக்கலாம், இப்ப போர்டுல வைப்போமே"ன்னு நீங்க சிரிச்சிட்டே சொல்லலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்னு சொல்லுவாங்கல்ல, நான் பாத்த வரைக்கும் பல காலேஜ்ல அதுதான் கதை. கவுன்சில்ல ஒரே நாள்ல எல்லாத் துறை சிலபஸும் வரும், ஒரு பிராக்டிகல் பேப்பரைத் தோண்டித் துருவ அங்க யாருக்கு நேரம் இருக்கு?

ஆனா கவுன்சில் எப்பவும் தலையாட்டும்னும் நினைச்சுடாதீங்க. டெல்லி பல்கலைல 2011 அக்டோபர்ல நடந்தது ஞாபகம் இருக்கலாம். வரலாறு பாடத்துல ஏ.கே. ராமானுஜன்ங்கற அறிஞர் ராமாயணத்தோட பல வடிவங்களைப் பத்தி எழுதின கட்டுரை ஒண்ணு இருந்துச்சு, அதை எதிர்த்து 2008ல துறைக்குள்ளயே புகுந்து கலாட்டா பண்ணாங்க, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி நாலு பேர் நிபுணர் குழு போட்டாங்க. அதுல மூணு பேர் கட்டுரை இருக்கட்டும்னு சொல்லியும் அகாடமிக் கவுன்சில் அதைத் தூக்கிடுச்சு. துறை என்ன சொன்னாலும் மேல இருக்கற சபை மாத்த முடியும்ங்கறதுக்கு இதுதான் உதாரணம். எதிர்த்தவங்க ஒன்பது பேர்தான், ஆனா அவங்க எதிர்ப்பு பதிவாச்சு, அதனாலதான் இன்னிக்கும் ஒன்பதுன்னு எண்ணிச் சொல்ல முடியுது. உங்க காலேஜ்லயும் உங்க கருத்தை ஏத்துக்கலன்னா, சண்டை போடாம "மினிட்ஸ்ல ஒரு வரி பதிவு பண்ணிடுங்க சார்"னு மட்டும் கேளுங்க. சொன்னது காத்தோட போயிடும், எழுதினது அடுத்த வருஷ மீட்டிங்ல 'போன கூட்டத்து நடவடிக்கை'ன்னு திரும்ப வந்து நிக்கும்.

இனி நிஜ வேலைக்கு வர்றேன். எக்ஸ்பர்ட்டா நானே நிறைய காலேஜுக்குப் போயிருக்கேன். ஒரு இடத்துல காலைல போனதும் டி.ஏ. (பயணப்படி) ஃபார்ம் கொடுத்தாங்க, அப்புறம் வருகைப் பதிவுல கையெழுத்து, அப்புறம் சாப்பாடு, சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சிலபஸ் கைக்கு வந்துச்சு, எனக்கோ நாலு மணிக்கு பஸ். நூத்திப் பத்து பக்கத்தை ஒன்றரை மணி நேரத்துல நான் என்னத்த படிக்கறது? கையெழுத்தும் போட்டேன், வெக்கமாத்தான் இருந்துச்சு. அங்க கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல, முன்னாடியே பேப்பர் அனுப்பற பழக்கம் இல்ல, அவ்வளவுதான். அதனால மாத்தம் மீட்டிங்ல நடக்காது, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி நடக்கணும்.

தேதி போடறது பிரின்சிபால் ஆபீஸ், அது தெரிஞ்ச உடனே நீங்க ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம ஒரு குறிப்பு எழுதுங்க. இப்ப இருக்கற பிராக்டிகல் லிஸ்ட் ஒரு பக்கம், நீங்க சொல்ற லிஸ்ட் எதிர்ல, எது போகுது எது வருதுன்னு நேருக்கு நேர் தெரியணும். கிரெடிட்டையும் மணி நேரத்தையும் தொடாதீங்க, அதைத் தொட்டா வேற பேப்பர் ஆசிரியரோட வொர்க்லோடு இடிக்கும், அப்பதான் நிஜமான எதிர்ப்பு கிளம்பும் (சிலபஸ் சண்டைல பாதி வொர்க்லோடு சண்டைதான், யாரும் வெளில சொல்ல மாட்டாங்க). கால்குலேட்டரை மொத்தமாத் தூக்காம முதல் ரெண்டு மூணு பயிற்சி கைலயே போடட்டும்னு வைங்க. எனக்கே அதுதான் சரின்னு படுது, வேரியன்ஸை ஒரு தடவை கையால போட்டுப் பாக்காதவனுக்கு ஸ்க்ரீன்ல வர்ற நம்பர் வெறும் நம்பர்தான். செலவுன்னு யாராவது ஆரம்பிச்சா, 'ஆர்' இலவசம், இருக்கற லேப் போதும்னு எழுதி வைங்க, பணம் கேட்டாத்தான் ஃபைனான்ஸ் கமிட்டின்னு இன்னொரு கதவு தட்டணும்.

இந்தக் குறிப்பை எச்.ஓ.டி. கைல கொடுத்து அஜெண்டால ஒரு ஐட்டமா போடச் சொல்லுங்க, வெளி எக்ஸ்பர்ட்டுக்கும் அவர் மூலமாவே முன்கூட்டி போகட்டும். நீங்களே நேரா அனுப்பினா அது அவரைத் தாண்டிப் போன மாதிரி ஆயிடும், காரியமும் கெடும். தொழில்துறைல இருந்து வர்றவர்தான் உங்களுக்குப் பெரிய பலம், வேலைக்கு வர்ற பசங்களுக்கு என்ன தெரியலன்னு அவர் ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும். எச்.ஓ.டி. அப்பவும் இழுத்தா நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பீடு பண்ற அமைப்பு) விசிட்டை ஞாபகப்படுத்துங்க, சிலபஸ் என்ன மாத்தினீங்கன்னு கேட்டு மினிட்ஸைத்தான் ஆதாரமா கேப்பாங்க.

செனட், சிண்டிகேட் எல்லாம் வேற உலகம், அது பல்கலைக்கழக லெவல். சென்னை பல்கலைல செனட்டும் இருக்கு, நிர்வாகத்துக்கு சிண்டிகேட்டும் இருக்கு, அண்ணா பல்கலைல செனட்டே கிடையாது. சென்னைல 2023 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் துணைவேந்தர் நாற்காலி காலியா இருந்தப்ப ஒரு கன்வீனர் கமிட்டி (துணைவேந்தர் வேலையைப் பாக்கற தற்காலிகக் குழு) உக்காந்துதான் வண்டியை ஓட்டுச்சு, அந்த மாதிரி நேரத்துலதான் இந்த சபைகளோட கனம் வெளில தெரியும். உங்க பிராக்டிகல் லிஸ்ட் அங்க போகாது. உங்க காலேஜ் கவர்னிங் பாடிக்கும் (நிர்வாகக் குழு) போக வேணாம், அங்க ஆசிரியர்னு சொன்னா ரெண்டு பேர்தான், அதுவும் சீனியாரிட்டிப்படி.

மாநில உயர்கல்வி மன்றம் கல்லூரிகளுக்குக் கொடுத்த மாதிரிப் பாடத்திட்டத்தை யாராவது குறுக்க கொண்டு வரலாம். 2023ல அது வந்தப்ப தன்னாட்சி கல்லூரிகள் பலது எதிர்த்ததே, எங்க போர்டு இருக்கும்போது இது எதுக்குன்னுதான். 1978லயே நாட்டுக்கு முன்னோடியா லயோலா, எம்.சி.சி. (சென்னை கிறிஸ்தவக் கல்லூரி), மதுரை அமெரிக்கன் கல்லூரின்னு தன்னாட்சி வாங்கின மாநிலம் இது, அந்தக் கோபம் நியாயம்தான். ஆனா அந்த உரிமையை நாம மீட்டிங்ல பயன்படுத்தாம வெளில மட்டும் பேசறதுல அர்த்தம் இல்ல.

கடைசியா ஒண்ணு, இதை விட்டுட்டு மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர். புது சிலபஸ் ஜூன்ல சேர்ற பேட்ச்சுக்குத்தான் பொருந்தும், அவங்க செகண்ட் இயர் வர்ற வரைக்கும் பழைய லிஸ்ட்தான் ஓடும். பழைய பேட்ச்ல அரியர் வச்ச பசங்களுக்கு எந்த பேப்பர் ஈடு, எத்தனை தடவை எழுதலாம்னு அதே தீர்மானத்துல ஒரு வரி சேர்த்துடுங்க, இல்லன்னா ரெண்டு வருஷம் கழிச்சு பரீட்சைப் பிரிவுல இருந்து உங்களுக்குத்தான் போன் வரும்.