சாரா சாப்மனின் குடும்பத்தைத் தேடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடையாறில் வசிக்கிறேன். அன்னி பெசன்ட் பற்றிய உங்கள் கட்டுரையில், 1888ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் இரண்டு பத்திகளில் வருகிறது. பெசன்ட் எங்கே பிறந்தார், யாரை மணந்தார், எப்போது பிரிந்தார் என்பதெல்லாம் எளிதாகக் கிடைக்கிறது. வேலையை விட்டு வெளியே வந்த அந்தப் பெண்கள் யார்? அவர்களில் ஒருத்தியின் அப்பா அம்மா யார், பிறகு என்ன ஆனாள் என்று கண்டுபிடிக்க முடியுமா? பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயரில் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள். எதையும் எழுதிவைக்காத ஏழைப் பெண்கள், அதனால் விட்டுவிட வேண்டியதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விட வேண்டாம். ஒருவரைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம். சாரா சாப்மன், 1862 அக்டோபர் 31 அன்று கிழக்கு லண்டனின் மைல் எண்டில் பிறந்தவர். அப்பாவுக்கு பீர் ஆலையில் வேலை. இருபது வயதை எட்டும்போதே சாரா, வேலைநிறுத்தம் நடந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் இயந்திர வேலை செய்கிறார். அதே தொழிற்சாலையில் அவருடைய அம்மாவும் அக்காவும். இந்த ஒரு தகவல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. யாரோ தூண்டிவிட்டு ஓடிவந்த சிறுமிகளின் கூட்டம் என்றுதான் அந்த வேலைநிறுத்தத்தைப் பல காலம் சொல்லிவந்தார்கள். பெசன்ட் 1888 ஜூன் 23 அன்று அந்தத் தொழிற்சாலையின் நிலை பற்றிக் கட்டுரை எழுதினார், உண்மை. ஆனால் அவர் கேட்டது அந்தத் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்பதைத்தான். கட்டுரை பொய் என்று கையெழுத்துப் போட நிர்வாகம் சொன்னபோது மறுத்தவர்கள் அந்தப் பெண்கள். ஜூலை தொடக்கத்தில் சுமார் 1,400 பேர் வெளியே வந்ததும் அவர்களாகவே. தாயும் மகளும் அக்கம்பக்கத்தாரும் ஒரே இடத்தில் வேலை செய்யும்போது, பேசி முடிவெடுக்க வெளியாள் எதற்கு?

வேலைநிறுத்தத்தின்போது திரட்டிய நிதியைப் பங்கிட ஒரு பதிவேடு வைத்தார்கள். யார், எந்தத் தெரு, என்ன கூலி என்று அதில் இருக்கிறது. பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரசின் நூலகத்தில் பத்திரமாக உள்ளது, இணையத்திலும் பார்க்கலாம். உங்கள் தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். வெறும் பெயரோடு தேடினால் கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள். பெயரோடு தெருவும் சேர்ந்தால் ஆள் கிடைப்பாள்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1881ஐயும் 1891ஐயும் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும் வயதும் பிறந்த ஊரும் இருக்கும். வயதை நம்பவேண்டாம், பத்து ஆண்டில் ஏழு வயது மட்டும் கூடிய பெண்கள் ஏராளம். மணமான பெண்ணின் தொழில் கட்டம் காலியாக இருந்தால் அவள் சும்மா இருந்தாள் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இரண்டேகால் பென்னி கூலி. பசையும் அவர்கள் செலவு. கணக்கெடுக்க வந்தவர் அதையெல்லாம் பெரும்பாலும் எழுதுவதில்லை. 1911 படிவம் வேறு மாதிரி. மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள் உயிரோடு பிறந்தன, எத்தனை இருக்கின்றன, எத்தனை இறந்தன என்று கேட்டார்கள். குடும்பத்தார் தங்கள் கையால் எழுதிக் கொடுத்த தாளே இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் ஒரு எண் மட்டும் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பெயரை நீங்கள்தான் இறப்புப் பதிவில் தேடி எடுக்கவேண்டும்.

பெண்ணைத் தொலைக்கும் இடம் கல்யாணம். சாரா 1891ல் சார்லஸ் டியர்மன் என்ற மரச்சாமான் தச்சரை மணந்தார், அதன்பின் அவர் சாரா டியர்மன். இங்கிலாந்தின் திருமணப் பதிவில் அப்பா பெயரும் தொழிலும் உண்டு, அம்மா பெயருக்கு இடமே இருந்ததில்லை. 2021 மே மாதம்தான் அதை மாற்றினார்கள். எனக்கு இது இன்றும் கோபம் வரும் விஷயம். ஆனால் பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறை பின்னால் போகலாம். பிறப்பை வந்து சொன்னது யார் என்ற கட்டத்தையும் படியுங்கள். பல இடங்களில் பெருக்கல் குறி போட்டிருக்கும், அது எழுதத் தெரியாத தாயின் கைநாட்டு. பக்கத்தில் முகவரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் முகவரி மாறிக்கொண்டே போனால், வாடகை தரமுடியாமல் எத்தனை தடவை வீடு மாறினார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

சட்டப்படி மணக்காமல் வாழ்ந்தவர்களும் நிறைய. 1857ல் விவாகரத்துச் சட்டம் வந்தது, ஆனால் ஏழைகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. பிரிந்தவர்கள் வேறொருவரோடு சேர்ந்து அவர் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். ஜாக் தி ரிப்பர் என்று அழைக்கப்பட்ட கொலைகாரனால் 1888 செப்டம்பரில் கொலையுண்ட கேத்தரின் எடோஸ் கான்வே என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர், திருமணப் பதிவு கிடைக்கவில்லை. காவல் நிலையத்தில் கடைசியாகச் சொன்ன பெயர் மேரி ஆன் கெல்லி. அதனால் பதிவு இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

அப்புறம், வொர்க்ஹவுஸ் என்கிற ஏழைகள் விடுதியின் ஏடுகள். லண்டனுக்கானவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன (2024 வரை அதன் பெயர் லண்டன் மாநகர ஆவணக் காப்பகம்). உதவி கேட்டு வந்தவரை எந்த ஊரார் காப்பாற்றவேண்டும் என்று அதிகாரிகள் விசாரித்து எழுதினார்கள். மணமான பெண்ணுக்குக் கணவனின் ஊர்தான் ஊர். அவன் செத்தபின், தான் கண்ணால் பார்த்திராத ஊருக்கு அவளை அனுப்பச் சட்டம் இடம் தந்தது. கொடுமையான விசாரணை. ஆனால் எங்கே பிறந்தேன், எந்த வீட்டில் வேலை பார்த்தேன், எப்போது மணமானேன் என்று ஓர் ஏழைப் பெண் சொன்னதை எழுதிவைத்த இடம் அதைவிட்டால் அரிது.

சாரா 1945ல் இறந்தார். மேனர் பார்க் இடுகாட்டில், கல் எதுவும் இல்லாத பொதுக் குழியில் புதைத்தார்கள். கொள்ளுப்பேத்தி ஒருவர் குடும்ப வரலாற்றைத் தேடப் போய்த்தான், தன் பாட்டியின் அம்மா வேலைநிறுத்தக் குழுவில் இருந்தவர், பெண்கள் சார்பில் பெசன்டைச் சந்தித்த மூவரில் ஒருவர் என்பதே வெளியே வந்தது. குடும்பத்துக்குள் அந்தக் கதை பேசப்படவில்லை.

பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை எடுத்து ஆரம்பியுங்கள். திருமணப் பதிவு கிடைத்தால் கீழே சாட்சிக் கையெழுத்தைப் பாருங்கள். தங்கையோ தோழியோ இருப்பாள். அந்தப் பெயரையும் பதிவேட்டில் தேடுங்கள். கிடைத்ததை எனக்கு எழுதுங்கள், வெளியிடுகிறேன்.