ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு ஆவணம் ஏன் அவ்வளவு முக்கியம்?

ஆவணம் என்றால் மென்பொருளோடு கூடவே வரும் எழுத்துக் குறிப்பு: எப்படி நிறுவுவது, எங்கே தொடங்குவது, பிழை வந்தால் என்ன செய்வது.

ஓப்பன் சோர்ஸில் நிரல் (மென்பொருளை இயக்கும் கட்டளைகள்) எல்லோருக்கும் திறந்திருக்கிறது, சரி. ஆனால் பல நேரம் அதை எழுதியவர் வேறு வேலைக்கு நடுவே, ஓய்வு நேரத்தில் எழுதியவர். போன் போட்டுக் கேட்க கஸ்டமர் கேர் கிடையாது. அவர் மனதில் இருப்பது எழுத்தில் இறங்காவிட்டால், அவர் விலகும் நாளில் அதுவும் போய்விடும்.

கல்யாண மண்டபத்து ஸ்விட்ச் போர்டை நினைத்துப் பாருங்கள். இருபது ஸ்விட்ச், ஒன்றிலும் பெயர் இல்லை. மேடை ஃபேனைப் போடப் போய், பந்தியில் விளக்கை அணைத்துவிடுவோம். விவரம் தெரிந்த வாட்ச்மேன் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருப்பார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தால் போதும்.

அப்படித் தாள் ஒட்டியவர்களில் எனக்குப் பிடித்தது ஜாங்கோ. பைத்தான் என்ற நிரல் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் இது, அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-இல் பொதுவில் வெளிவந்தது. அதன் பயிற்சிப் பாடம் சின்னதாக ஒரு வாக்கெடுப்புச் செயலியை உங்கள் கையாலேயே கட்ட வைக்கிறது. புது வசதிக்கு யாராவது நிரல் அனுப்பினால், அதற்கான விளக்கமும் கூடவே வர வேண்டும் என்பது அங்கே விதி. கறார்தான், ஆனால் புதிதாக வருபவர் பிழைத்துக்கொள்கிறார்.

“நிரல் தெளிவாக இருந்தால் அதுவே ஆவணம்” என்று பலர் நினைக்கிறார்கள்; நிரல் என்ன செய்கிறது என்று சொல்லும், ஏன் அப்படிச் செய்கிறது என்பதை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.