தமிழ்வழியில் படித்தவர் யூசிக்கு டிரான்ஸ்ஃபர் ஆக, ஸ்பானிஷ் எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். கல்யாணமாகி கலிபோர்னியா வந்து, 2024 ஃபாலில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) சேர்ந்தேன். பெர்க்லி அல்லது வேறு யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துக்கு) டிரான்ஸ்ஃபர் ஆக ஆசை. டிரான்ஸ்ஃபருக்கு முன்பு முடிக்கிற பொதுப் பாடங்களின் பட்டியலான ஐகெட்சியில் ஆங்கிலம் அல்லாத மொழி என்று ஒரு பகுதி இருப்பதால் ஸ்பானிஷ் எடுக்கச் சொல்கிறார் கவுன்சிலர். தமிழை வைத்து இதை முடிக்க வழி இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. உங்கள் பள்ளிப் படிப்பே அந்த வழி. ஸ்பானிஷுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

நானும் விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, எச்4-இல் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) இங்கே வந்து, பே ஏரியாவில் கம்யூனிட்டி காலேஜ் வழியாகத்தான் யூசிக்குப் போனேன். எனக்கும் எஜுகேஷன் பிளானில் முதல் செமஸ்டரிலேயே ஸ்பானிஷ் 1 எழுதிக் கொடுத்தார்கள். கவுன்சிலர்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேயே ஹைஸ்கூல் முடித்த பிள்ளைகள். இரண்டு வருடம் ஒரே மொழி படித்தது அவர்களுடைய டிரான்ஸ்கிரிப்டிலேயே தெரியும், அந்தப் பகுதி முடிந்துவிடும். நம்முடையதில் அப்படி எதுவும் தெரியாது. தெரியாததால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஐகெட்சியில் ஆறாவது பகுதி அது. யூசிக்கு மட்டும்தான் தேவை, கால் ஸ்டேட்டுக்கு (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) டிரான்ஸ்ஃபர் ஆக அந்தப் பகுதி வேண்டாம். அதை முடிக்கப் பல வழிகள் வைத்திருக்கிறார்கள். ஹைஸ்கூலில் ஒரே மொழி இரண்டாண்டு, கல்லூரியில் அதற்கு ஈடான ஒரு வகுப்பு, ஹைஸ்கூலிலேயே எழுதுகிற கல்லூரித் தரத் தேர்வான ஏபியில் 3 (ஏபியில் தமிழ் கிடையாது) என்று போகிறது பட்டியல். அதில் உங்களுக்கு வேண்டிய வரி: ஆங்கிலம் பயிற்று மொழியாக இல்லாத பள்ளியில், ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ, சி கிரேடுக்குக் குறையாமல் இரண்டாண்டு படித்திருந்தால் போதும், அதற்கான ஆவணம் காட்ட வேண்டும். நீங்கள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம் படித்திருக்கிறீர்கள். இது சலுகையோ விதிவிலக்கோ இல்லை, விதியிலேயே இருக்கிற வழி. கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது இந்த விதி இருக்கிற பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு அதற்கப்புறம்தான் பேச்சே மாறியது.

ஆவணம் என்றால் என்ன என்பதில்தான் நம் ஆட்கள் திணறுகிறோம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்தால் மதிப்பெண் தெரியும். கணக்கும் அறிவியலும் வரலாறும் எந்த மொழியில் படித்தீர்கள் என்பதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். நம் டி.சி.யில் கீழே ஒரு கட்டம் இருக்கும்: கல்வியாண்டு, படித்த வகுப்பு, முதல் மொழி, பயிற்று மொழி. அந்தக் கட்டம்தான் முக்கியம். ஆனால் ஒரிஜினல் டி.சி.யை ஊரில் காலேஜில் சேரும்போதே கொடுத்திருப்போம், கையில் ஜெராக்ஸ்தான் இருக்கும், அதுவும் பாதி அழிந்திருக்கும்.

அதனால் தமிழ்வழியில் பயின்றதற்கான சான்றிதழை வாங்குங்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் பிஎஸ்டிஎம் சர்டிபிகேட் என்பார்களே, அதுதான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் ஒதுக்கி 2010-இல் சட்டம் வந்ததிலிருந்து எல்லா ஹெச்.எம்.முக்கும் இது பழகின பேப்பர். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரை வைத்துத் தருவார்கள். எனக்காகத் தம்பி போய்க் கேட்டபோது ஹெச்.எம். சார், "அக்கா குரூப் டூ எழுதுதா, குரூப் ஃபோரா?" என்று கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு யுனிவர்சிட்டிக்கு என்றதும், பள்ளி லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொல்லி, மொழிப்பாடமான ஆங்கிலம் தவிர மற்ற எல்லாப் பாடங்களும் தமிழில் நடத்தப்பட்டன என்று சேர்த்துக் கொடுத்தார். அந்த ஒரு வரிதான் இங்கே வேலை செய்தது. நீங்களும் அப்படியே கேட்டு வாங்குங்கள். பள்ளி மாறியிருந்தால் ஒன்பதும் பத்தும் படித்த பள்ளியில் வாங்கினாலே இரண்டாண்டுக் கணக்கு வந்துவிடும்.

இவற்றை மார்க் ஷீட்டோடு சேர்த்துக் கவுன்சிலிங் அலுவலகத்தில் கொடுங்கள். சில கல்லூரிகளில் பெட்டிஷன் படிவம் இருக்கும், சில இடங்களில் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்தின் அறிக்கையும் கேட்பார்கள். வாய்வார்த்தையாக "ஓகே" என்றால் விட்டுவிடாதீர்கள். ஆறாவது பகுதி பூர்த்தி என்று ஐகெட்சி சான்றிதழில் ஏற வேண்டும், அது கடைசி டிரான்ஸ்கிரிப்டோடு சேர்ந்து யூசிக்குப் போக வேண்டும்.

இனி, பலர் கவனிக்காத ஒரு விஷயம். டிரான்ஸ்ஃபருக்குக் கேட்கிற மொழி வேறு, பட்டத்துக்குக் கேட்கிற மொழி வேறு. பெர்க்லியில் லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் கல்லூரி, கல்லூரி அளவில் இரண்டாம் செமஸ்டர் வரையான மொழித்திறன் கேட்கிறது. இன்னொரு யூசியான யூசிஎல்ஏவில் அதே பெயருள்ள கல்லூரி மூன்றாம் குவார்ட்டர் அளவு கேட்கிறது. பெர்க்லியில் இன்ஜினியரிங் என்றால் இந்தத் தொல்லை இல்லை. 2025 ஃபாலில் ஐகெட்சிக்குப் பதிலாக கால்-கெட்சி வந்து, அதில் மொழிப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சேர்ந்தவர்கள் "மொழியே வேண்டாமாம்" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பட்டத்துக்கான விதி அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் 2024-இல் சேர்ந்து தொடர்ந்து படிக்கிறவர் என்பதால் ஐகெட்சியிலேயே முடிக்கலாம். எப்படி முடித்தாலும், நீங்கள் குறிவைக்கிற மேஜர் எந்தக் கல்லூரிக்குள் வருகிறது, அந்தக் கல்லூரி உங்கள் பள்ளி ஆவணத்தை ஏற்குமா என்று அங்குள்ள அட்வைசரிடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பெர்க்லியில் தமிழ் வகுப்புகளும் உண்டு, மொழித்திறன் தேர்வெழுதி முடிக்கும் வழியும் உண்டு.

ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, தமிழை ஒரு பாடமாக மட்டும் எடுத்தவர்களுக்கு நான் சொன்ன பயிற்றுமொழி விதி பொருந்தாது. அவர்கள் ஹைஸ்கூலில் இரண்டாண்டு ஒரே மொழி என்ற விதியின் கீழ்தான் கேட்க வேண்டும். இலங்கையில் படித்தவர்களுக்கு ஓ.எல். (சாதாரண தரத் தேர்வு) தமிழ்ப் பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் இருந்தால் அதையே காட்டலாம்.

ஸ்பானிஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு அது பெரிய பலம். ஆனால் பெரும்பாலும் அது ஐந்து யூனிட் வகுப்பு, அதில் வாங்குகிற கிரேடு ஜிபிஏவில் (மொத்த கிரேடு சராசரியில்) ஏறும், குழந்தையை வைத்துக்கொண்டு வாரத்துக்கு அத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதை ஆசைப்பட்டு எடுங்கள். கவர்மென்ட் ஸ்கூலில் தமிழில் படித்ததை இங்கே யார் மதிப்பார்கள் என்று பயந்து எடுக்காதீர்கள். அப்படி நினைத்துப் பேசாமல் இருந்துவிட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது.

அடுத்த செமஸ்டர் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே ஊருக்கு ஃபோன் போட்டுப் பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள். ஏப்ரல், மே என்றால் பரீட்சை, லீவு என்று ஹெச்.எம்.மைப் பிடிப்பதே கஷ்டம்.