எஸ்டேட் என்றால் தோட்டம் மட்டும்தானா?

தந்தை காலமான பின் வழக்கறிஞர் அனுப்பிய கடிதத்தில் 'ஸ்மால் எஸ்டேட்' என்றிருப்பதைக் கண்டு, "எங்களுக்கு இருப்பது ஒரு வீடு மட்டுமே, தோட்டம் ஏது?" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் எஸ்டேட் என்றதும் கிராணியும் (எழுத்தர்) தண்டலும் (மேற்பார்வையாளர்) தொழிலாளர் வாழும் லயத்து வீடும் நினைவுக்கு வருவது இயல்புதான்.

'நிலை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் எஸ்டேட் ஆயிற்று. முதலில் ஒருவரின் சமூக நிலையைச் சுட்டிய அச்சொல், பின்னர் அந்நிலைக்கு ஆதாரமான நிலத்தையும் உடைமையையும் குறிக்கலாயிற்று. தோட்டம் என்பது அதன் ஒரு கிளைப்பொருள் மட்டுமே. சட்டத்தில் அது, இறந்தவர் விட்டுச்சென்ற வீடு, நிலம், வங்கிப் பணம், வாகனம் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும். அவர் பட்ட கடனையும் அதிலிருந்தே தீர்க்க வேண்டும்.

உங்கள் கடிதம் 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். அதில் 'ஸ்மால்' என்பது சொத்தின் மதிப்பைப் பற்றியது, ஏக்கரைப் பற்றியதன்று. (ரப்பர்த் துறையில்தான் ஏக்கர் கணக்கு: 100 ஏக்கருக்குக் குறைந்தால் அது எஸ்டேட் அல்ல, சிறுதோட்டம்.) மலாய்மொழியில் இக்குழப்பமே எழாது, தோட்டத்திற்கு 'லாடாங்', இறந்தவர் சொத்துக்கு 'பூசாக்கா' எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு.

பிரிட்டனில் 'ஹவுசிங் எஸ்டேட்' எனப்படும் குடியிருப்புப் பகுதி நமக்குத் தாமான்.