எண்ணூர் ஏன் கிடைக்கவில்லை? வரி முடிவில் ஒளிந்திருக்கும் எழுத்து

கேள்வி: வீடு தண்டையார்பேட்டை. வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ், கல்லூரி லேபில் உபுண்டு லினக்ஸ். கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில் நிலையங்களைத் தேடித் தரும் சி பிளஸ் பிளஸ் ப்ராஜெக்ட் செய்திருக்கிறேன். வீட்டில் ஓடுகிறது. பென்டிரைவில் லேபுக்கு எடுத்துப் போனால், கம்பைல் செய்து தரும் பில்ட் ஸ்கிரிப்ட் 'பேட் இன்டர்ப்ரிட்டர், நோ சச் ஃபைல்' என்கிறது. ஸ்கிரிப்ட் இல்லாமல் நானே கம்பைல் செய்தால் ஓடுகிறது, ஆனால் எண்ணூர் என்று தேடினால் அப்படி ஒரு நிலையமே இல்லை என்கிறது. ஜிசிசி கம்பைலரை மறுபடி நிறுவியும் பலனில்லை.

பதில்: ஜிசிசியை விட்டுவிடுங்கள், தவறு அதனுடையது இல்லை.

பெரம்பூர் பக்கம் டைப்ரைட்டிங் கற்றவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வரி முடிந்ததும் லீவரைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும்: தாள் ஒரு வரி மேலே ஏறும், உருளை முதல் எழுத்துக்குத் திரும்பும். டெலிபிரிண்டரில் இவை இரண்டு தனிக் குறிகள் ஆயின. கணினியில் அவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகள்: திரும்புவதற்கு எண் 13, அடுத்த வரிக்கு எண் 10. விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இரண்டையும் எழுதுகிறது. லினக்ஸுக்கு 10 மட்டும் போதும்.

உங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரி, 'பாஷ்' (bash) என்ற நிரலை வைத்து ஓட்டு என்கிறது. லினக்ஸ் 10 வரும்வரை படிப்பதால் 13-ம் பாஷின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயரில் எந்த நிரலும் கிடையாது. 'ஃபைல் இல்லை' என்பது அதைத்தான், உங்கள் ஸ்கிரிப்டை இல்லை.

எண்ணூர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. விண்டோஸில் உங்கள் நிலையப் பட்டியல் போன்ற டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்கும்போதே 13 கழற்றப்பட்டுவிடும். லினக்ஸ் உள்ளதை உள்ளபடி தரும். நிரலில் ஒவ்வொரு வரியாகப் படிக்கும் கெட்லைன் (getline) 10-ல் நின்றுவிடுவதால், 13 பெயரோடு தங்கி, ஆங்கிலத்தில் ஆறெழுத்தான எண்ணூர் ஏழெழுத்தாகிறது, ஒப்பிட்டால் பொருந்தாது. நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள், தெரியும். பட்டியலின் கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாமல் விட்டிருந்தால் அந்த ஒரு நிலையம் மட்டும் சரியாகக் கிடைக்கும். பலரைக் குழப்புவது இதுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? ஸ்கிரிப்டை விஎஸ் கோட் எடிட்டரில் திறந்து, வலது கீழ் ஓரத்தில் சிஆர்எல்எஃப் (13-ம் 10-ம்) என்றிருப்பதை எல்எஃப் (10 மட்டும்) ஆக்கிச் சேமியுங்கள். நிலையப் பட்டியலையும் அப்படியே மாற்றலாம். ஆனால் நிரலிலேயே கெட்லைனுக்குப் பிறகு, கடைசி எழுத்து 13 என்றால் அதை நீக்கும் ஒரு வரியைச் சேர்ப்பதுதான் என் விருப்பம். நாளைக்கு வேறு யாராவது பட்டியலைத் திருத்திக் கொடுத்தாலும் தேடல் கெடாது.

அப்புறம், ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (git) பயன்படுத்தினால் ப்ராஜெக்டில் ஒரு கிட்-அட்ரிபியூட்ஸ் (.gitattributes) ஃபைல் வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எப்போதும் எல்எஃப் என்று எழுதிவிடுங்கள். ரீநார்மலைஸ் தேர்வோடு ஒருமுறை ஆட் செய்து (git add --renormalize .), கமிட் செய்து, லேபில் பென்டிரைவுக்குப் பதில் கிட் வழியே புதிதாகக் குளோன் (நகல்) எடுங்கள்.