சென்சார் படிக்கிறாள், சாரத்தடிக்கும் போகட்டும்

அம்மா, எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள் கட்டிடத் தொழிலாளர்களின் உடல்நிலையை அணியும் சென்சார்களால் கண்காணிக்கும் புராஜெக்டை எடுத்திருக்கிறாள். ‘இதற்கு வேலை கிடைக்குமா, வெயிலில் அலைய வேண்டியிருக்குமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாகப் படித்தால் வேலைக்கு வழி இருக்கிறது. வெயிலிலும் கொஞ்சம் அலையத்தான் வேண்டும், அதைத் தடுத்துவிடாதீர்கள்.

இப்படி அணியும் சென்சார்களில் ஒன்றான மணிக்கட்டுப் பட்டை தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்துகிறது. திரும்பிவரும் ஒளி கூடிக் குறைவதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. லேபில் உட்கார்ந்து பார்த்தால் எண் சரியாக வரும். அதைக் கட்டிக்கொண்டு ஒருவர் சம்மட்டி பிடித்தால், ஒவ்வொரு அடிக்கும் பட்டை நகரும், வியர்வையில் வழுக்கும். கடைசியில் அடி விழும் வேகத்தையே நாடி என்று கருவி எண்ணிவிடும். இந்த இரண்டையும் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு. அது கட்டிட வேலை நடக்கும் சாரத்தடியில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

அப்புறம், எண்ணுக்கு அர்த்தம் சொல்லவும் வேண்டும். நாடித்துடிப்பு சில நிமிடங்களுக்கு விடாமல் ‘180 கழித்தல் வயது’ என்ற அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்தி ஓய்வு தர வேண்டும் என்பது வெப்பப் பாதுகாப்பில் ஒரு வழிகாட்டி அளவு. 40 வயதுக்காரருக்கு 140. ஆனால் அவர் நேற்றுச் சேர்ந்தவரா என்பதையும் கேட்க வேண்டும். உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதனால்தான் புதியவருக்கு முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெப்பத்தில் வேலை கூடாது என்கிறது தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) அமைப்பு. எனவே சிக்னல் பிராசசிங் (சென்சார் தரும் சிக்னலிலிருந்து தேவையானதைப் பிரித்தெடுப்பது), பைத்தான் புரோகிராமிங், புள்ளியியலோடு மனித உடலியங்கியலையும் ஒரு பாடமாக எடுக்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. ‘எனக்கு மூச்சு வாங்குவது இதில் தெரிந்தால், நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்பார்களா?’ என்று ஒரு கொத்தனார் கேட்டால் உங்கள் மகள் என்ன சொல்வாள்? அந்தத் தகவல் மேஸ்திரிக்குப் போகுமா, மருத்துவருக்கு மட்டுமா, எத்தனை நாள் சேமித்து வைக்கப்படும் என்பதையெல்லாம் முதல் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்து, அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். பயந்தவர் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்.

வரும் விடுமுறையில் ஒரு பாதுகாப்பு அதிகாரியோடு இரண்டு வாரம் சைட்டில் இருக்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டும் பாதுகாப்பு ஷூவும் நீங்களே வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.